தைராய்டுச் சுரப்பியும் பிறந்த குழந்தையும்

சந்திரகிரிக்கு அண்மையிலுள்ள சீனிவாச மங்காபுரத்தின் பக்கமிருந்து திருமலைக்குச் செல்லும் படிவழிக்கு ஸ்ரீவாரி மெட்டு என்று பெயர். அதில் 2,388 படிகள் உள்ளன. விடியற்காலையில் வெறும் வயிற்றுடன் அப்படிகளில் ஏறத் தொடங்கும் ஒருவருடைய உடலில் நிகழும் மாறுதல்களைச் சற்று எண்ணிப் பார்த்தால், ஹார்மோன்கள் எனப்படும் இரசாயனப் பொருள்கள் மனித உடலை எவ்வாறு ஆளுகின்றன என்பது ஒருவாறு விளங்கும். முதல் நூறு படிகளைக் கடப்பதற்குள், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்னும் பொருளை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. கணையத்திலிருந்து வரும் குளுகாகான், கல்லீரலில் சேமித்து வைக்கப்பட்டுள்ள சர்க்கரையை வெளியே விடச் செய்கிறது. அதே கணையத்தில் சுரக்கும் இன்சுலின் அப்பொழுது அடங்கி நிற்கிறது. வியர்வையால் நீர் குறையக் குறைய, மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரியிலிருந்து புறப்படும் வேறொரு ஹார்மோன், சிறுநீரகங்கள் நீரைச் சிக்கனமாகச் செலவிடுமாறு பார்த்துக்கொள்கிறது. ஏறுபவருக்கு இவற்றில் ஒன்றும் தெரிவதில்லை. மூச்சு வாங்குவது மட்டுமே தெரிகிறது.

உடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குச் செய்தி அனுப்புவதற்கு நரம்பு ஒன்றே வழி என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. 1902-ஆம் ஆண்டில் லண்டனில் பெய்லிஸ், ஸ்டார்லிங் என்னும் இரு விஞ்ஞானிகள், சிறுகுடலுக்குச் செல்லும் நரம்புகளைத் துண்டித்த பின்னரும், குடலில் அமிலம் பட்டவுடன் கணையம் தன் நீரைச் சுரப்பதைக் கண்டனர். செய்தி இரத்தத்தின் வழியாகவே சென்றிருத்தல் வேண்டும் என்பது அவர்கள் முடிபு. அவ்வாறு சென்ற பொருளுக்குச் செக்ரீட்டின் என்று பெயரிட்டனர். இத்தகைய பொருள்கள் அனைத்துக்கும் பொதுவாக ஹார்மோன் என்னும் பெயரை 1905-இல் ஸ்டார்லிங் வழங்கினார். தூண்டுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுக்கப்பட்ட பெயர் அது.

நரம்பின் செய்தி குறிப்பிட்ட விலாசத்துக்குச் செல்லும் தந்தியைப் போன்றது. ஹார்மோனின் செய்தியோ ஊரெங்கும் போடப்படும் தண்டோராவைப் போன்றது. தண்டோராவின் ஒலி எல்லார் காதிலும் விழுகிறது. ஆனால் நிலவரி பற்றிய அறிவிப்பானால் நிலமுடையவர் மட்டுமே அதைப் பொருட்படுத்துவர். அவ்வாறே, எல்லா உயிரணுக்களையும் ஹார்மோன் தீண்டிச் சென்றாலும், அதனை ஏற்பதற்குரிய புரதத்தைப் பெற்றுள்ள உயிரணுக்கள் மட்டுமே அதன் கட்டளைக்கு இணங்குகின்றன. இன்சுலின், அட்ரினலின் போன்றவை உயிரணுவின் வெளிச் சுவரிலுள்ள ஏற்பியைத் தட்டிவிட்டு நின்றுவிடுகின்றன; உள்ளே நடக்க வேண்டியதை வேறு பொருள்கள் கவனித்துக்கொள்கின்றன. அதனாலேயே அவற்றின் விளைவு நொடிகளிலோ நிமிடங்களிலோ தோன்றி மறைகிறது. வேறு சில ஹார்மோன்கள் உயிரணுவுக்குள் நுழைந்து, அதன் உட்கருவை அடைந்து, அங்குள்ள மரபுப் பொருளின் எப்பகுதி வேலை செய்ய வேண்டும், எப்பகுதி ஓய்ந்திருக்க வேண்டும் என்பதையே நிர்ணயிக்கின்றன. இவற்றின் வேலை மெதுவானது, ஆயினும் ஆழமானது. தைராய்டு ஹார்மோன் இவ்வகையைச் சேர்ந்தது.

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக் குழலை அணைத்தவாறு வண்ணத்துப்பூச்சியின் வடிவில் அமைந்துள்ளது தைராய்டுச் சுரப்பி. வளர்ந்த மனிதரிடம் அதன் எடை 15 முதல் 20 கிராம் வரைதான். இரத்தத்தில் அற்பமாகக் கலந்து வரும் அயோடினைப் பொறுக்கி எடுத்து, தைராக்சின் என்னும் பொருளாக மாற்றுவது அதன் தொழில். தைராக்சினின் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. உடலின் மற்ற உறுப்புகளில் அவற்றுள் ஒன்று கழற்றப்பட்டு, மூன்று அயோடின் அணுக்கள் உடைய பொருள் உண்டாகிறது; அதுவே உட்கருவில் உண்மையாக வேலை செய்கிறது. தைராக்சினை 1914-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று அமெரிக்க விஞ்ஞானி கெண்டல் தனியே பிரித்தெடுத்தார். அதற்கு முன்பே, 1891-இல், இங்கிலாந்தில் மரே என்னும் மருத்துவர், இச்சுரப்பி செயலிழந்து உடல் ஊதி மந்தமாகிக் கிடந்த ஒரு பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றைச் செலுத்தினார். 46 வயதில் அச்சிகிச்சையைப் பெற்ற அப்பெண்மணி 74 வயது வரை வாழ்ந்தார். குறைந்துபோன ஒரு ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்து ஈடு செய்யலாம் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் முதன்முதல் கிடைத்த தெளிவான சான்றுகளுள் இது ஒன்று. இன்சுலின் வந்தது அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே.

இச்சுரப்பி எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? சந்திரகிரிச் சீமையில் ஏரிப் பாசனம் பழமையானது. மதகைக் காப்பவர், வயலில் நீர் நிறைந்தால் மதகைத் தாழ்த்துவார். வயல் காய்ந்தால் உயர்த்துவார். பிட்யூட்டரி செய்யும் வேலையும் அதுவே. இரத்தத்தில் தைராக்சின் குறைந்தால், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை அது மிகுதியாக அனுப்புகிறது. தைராக்சின் நிறைந்தால் தன் தூண்டுதலைக் குறைத்துக்கொள்கிறது. பிட்யூட்டரிக்கு மேலே மூளையின் ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி இருந்து அதனை ஏவுகிறது. இவ்வேற்பாட்டில் மருத்துவருக்குப் பெரிதும் உதவும் ஓர் உண்மை அடங்கியுள்ளது. தைராய்டுச் சுரப்பி பழுதுபட்டால், தைராக்சினின் அளவு சிறிதே குறைந்த நிலையிலும், தூண்டும் ஹார்மோன் பன்மடங்கு உயர்ந்துவிடும். ஆகவே இரத்தத்தில் தூண்டும் ஹார்மோனை அளந்தால் சுரப்பியின் குறை வெளிப்பட்டுவிடும். இத்தகைய நுண்ணிய அளவுகளை அளக்கும் முறையை வகுத்ததில் பங்கு கொண்ட ரோசலின் யாலோ என்னும் பெண் விஞ்ஞானிக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அவ்வளவீடு மாவட்டத் தலைநகரங்களிலுள்ள ஆய்வுக்கூடங்களிலும் அன்றாடம் நடைபெறுகிறது.

வளர்ந்தவர்களிடம் தைராய்டுக் குறைவு சோர்வையும், மலச்சிக்கலையும், முடி உதிர்தலையும், குளிர் தாங்காமையையும் உண்டாக்குகிறது. மாத்திரை உண்டால் இவையெல்லாம் தீர்கின்றன. இக்குறைவைப் பற்றி நகரங்களில் பேச்சு மிகுந்துள்ளது. தேவையுள்ளோரும் இல்லாதோரும் பரிசோதனைச் சாலைகளை நாடுகின்றனர். ஆனால் பரிசோதனை எவருக்கு இன்றியமையாததோ, அவருக்கு வாய் திறந்து கேட்கத் தெரியாது. பிறந்து மூன்றே நாளான சிசுவுக்கு என்ன தெரியும்?

சில குழந்தைகள் தைராய்டுச் சுரப்பி இல்லாமலே பிறக்கின்றன. சிலவற்றுக்கு அது வளர்ச்சி குன்றியோ, நாக்கின் அடிப்புறம் போன்ற தவறான இடத்திலோ அமைந்திருக்கிறது. வேறு சிலவற்றுக்குச் சுரப்பி சரியான இடத்தில் இருந்தும், ஹார்மோனை உண்டாக்கும் இரசாயன வினைகளுள் ஏதோ ஒன்று பரம்பரைக் காரணத்தால் தடைபட்டிருக்கிறது. காரணம் எதுவாயினும், குழந்தையின் மூளைக்கு மிகவும் தேவையான காலத்தில் தைராக்சின் கிடைப்பதில்லை. பிறந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று இணைகின்றன. நரம்பிழைகளின் மேல் உறை படிகிறது. இவ்விரண்டுக்கும் தைராய்டு ஹார்மோன் வேண்டும். அது இல்லாத குழந்தை உயரத்தில் குறுகி, அறிவில் மங்கி, காலமெல்லாம் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. திருமலையில் காணிக்கையாக இறக்கிய முடி சில மாதங்களில் மீண்டும் வளர்ந்துவிடும். முதல் இரண்டு ஆண்டுகளில் மூளை இழந்த வளர்ச்சி மீள்வதில்லை.

இந்நோயின் கொடுமை அதன் அமைதியில் இருக்கிறது. கருவிலிருக்கும்போது தாயின் தைராக்சின் ஓரளவு நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குக் கிடைப்பதால், பிறக்கும்போது இக்குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவை மற்றக் குழந்தைகளைப் போலவே தோன்றுகின்றன. முதல் சில வாரங்களில் குழந்தை மிகுதியாக உறங்குகிறது, அழுவதில்லை, பாலுக்காகத் தொல்லை செய்வதில்லை. வந்து பார்க்கும் பாட்டிமாரும் அத்தைமாரும் ‘சமர்த்துக் குழந்தை’ என்று திருஷ்டி கழிக்கின்றனர். மஞ்சட்காமாலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலும், தொப்புள் சற்றுப் புடைத்திருந்தாலும், அழும் குரல் கரகரத்தாலும், நாக்கு தடித்து வெளியே தெரிந்தாலும், ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்னும் ஆறுதலே கிடைக்கிறது. ஆறாம் மாதத்திலும் குழந்தையின் தலை நிற்கவில்லையே என்று தாய் கவலை கொண்டு மருத்துவரை நாடும்போது காலம் கடந்துவிடுகிறது. பிறந்த இரண்டு வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் அக்குழந்தை மற்றக் குழந்தைகளோடு பள்ளி சென்று அவர்களைப் போலவே படிக்கும். மூன்று மாதங்களுக்குப் பின் தொடங்கினால் உடல் தேறலாம். அறிவு முழுமையாக மீள்வது அரிது.

சிகிச்சையோ மிக எளிது. குழந்தையின் எடையில் ஒரு கிலோகிராமுக்கு நாள்தோறும் 10 முதல் 15 மைக்ரோகிராம் தைராக்சின் கொடுத்தல் போதும். மூன்று கிலோ எடையுள்ள சிசுவுக்கு இது 30 முதல் 45 மைக்ரோகிராம் ஆகும். மாத்திரையைப் பொடித்து, சில சொட்டுத் தாய்ப்பாலில் கலந்து, பாலாடையால் புகட்டிவிடலாம். ஒரு நாள் மருந்தின் விலை ஒரு கோப்பைத் தேநீரின் விலைக்கும் குறைவு. மனித அறிவை இவ்வளவு சொற்பச் செலவில் காக்கும் மருந்து வேறு ஏதும் உண்டா என்பது ஐயமே.

இக்குறை அபூர்வமானது, அதற்காக எல்லாக் குழந்தைகளையும் பரிசோதிப்பது வீண் செலவு என்று கூறுவோர் உளர். மேல்நாடுகளில் மூவாயிரம் அல்லது நாலாயிரம் குழந்தைகளுக்கு ஒன்று என்ற பழைய கணக்கை அவர்கள் மனத்திற்கொண்டு பேசுகின்றனர். இந்தியாவின் கணக்கு வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007 முதல் 2012 வரை தில்லி, மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், சென்னை ஆகிய ஐந்து நகரங்களில் 1,04,066 குழந்தைகளைப் பரிசோதித்தது. 1,130 குழந்தைகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இக்குறை காணப்பட்டது. ஐந்து நகரங்களிலும் மிகுதியாகக் காணப்பட்டது சென்னையில். அங்கு 727 குழந்தைகளுக்கு ஒன்று. சென்னை சந்திரகிரிக்கு அந்நியமன்று. 1911 வரை வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்த இத்தாலுகாவின் மக்களும் சென்னைப் பக்கத்து மக்களும் மொழியாலும் மணவுறவாலும் இன்றும் பிணைந்திருப்பவர்கள். சென்னை நகரம் எழுந்த நிலத்தையே சந்திரகிரி அரசின் ஆட்சிக்கு உட்பட்ட நாயக்கரிடமிருந்துதான் 1639-இல் ஆங்கிலேயர் பெற்றனர். சென்னையில் காணப்பட்ட விகிதம் இப்பக்கத்தில் பெரிதும் மாறுபடும் என்று எண்ணுவதற்கு வெளிப்படையான காரணம் ஒன்றும் இல்லை. நாட்டில் ஆண்டுதோறும் பிறக்கும் குழந்தைகள் இரண்டு கோடிக்கு மேல். பெருக்கிப் பார்த்தால், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ இருபதாயிரம் குழந்தைகள் இக்குறையோடு பிறக்கின்றன என்றாகிறது.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1974-இல் எல்லாக் குழந்தைகளையும் பரிசோதிக்கும் ஏற்பாடு தொடங்கியது. இன்று முன்னேறிய நாடுகள் அனைத்திலும் அது வழக்கமாகிவிட்டது. அங்கெல்லாம் இக்குறையால் அறிவிழந்த குழந்தையைக் காண்பதே அரிது. இந்தியாவில் கேரளம் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு இப்பரிசோதனையை நடத்தி வருகிறது. நாடு முழுவதற்கும் பொதுவான கட்டாய ஏற்பாடு இல்லை. 2013-இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின் முப்பது நோய்களுள் இதுவும் இடம்பெற்றுள்ளது. ஆனால் எவ்வாறு? பட்டியலின் கடைசி வரியில், வேறு இரண்டு இரத்த நோய்களோடு சேர்த்து, ‘மாநிலங்களின் விருப்பத்துக்குரியது’ என்னும் குறிப்புடன். பிளவுபட்ட உதடும் வளைந்த பாதமும் கண்ணுக்குத் தெரிவன. அவற்றை எவரும் தவறவிடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாததும், இரத்தப் பரிசோதனையன்றி வேறு வழியால் காண இயலாததுமான குறையை விருப்பத்துக்கு விட்டது சரியான வரிசை ஆகாது. எதை விட்டால் நாள் கடந்து போகுமோ அதுவே முதல் வரியில் நிற்கத் தக்கது.

நடைமுறையில் இடையூறுகள் இல்லாமல் இல்லை. குழந்தை பிறந்த அரை மணி நேரத்தில் தூண்டும் ஹார்மோன் இயல்பாகவே மிக உயர்ந்து, பின்னர் இரண்டொரு நாளில் தணிகிறது. முதல் நாளிலேயே குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்தால், நலமுள்ள குழந்தையும் நோயுள்ளதாகத் தோன்றிப் பெற்றோரைக் கலங்கச் செய்யும். 48 மணி முதல் 72 மணி வரையில் எடுப்பதே நல்லது. அதற்குள் தாயும் சேயும் வீடு திரும்பிவிடுகின்றனர் என்பது மருத்துவமனைகளின் கவலை. இதற்கு ஒரு மாற்று உண்டு. பிறந்தவுடன் அறுத்தெறியும் தொப்புள்கொடியிலிருந்தே சில துளி இரத்தம் எடுத்துக்கொள்ளலாம். ஹார்மோன் உயர்வதற்கு முந்திய இரத்தம் அது. குழந்தைக்கு ஊசியும் இல்லை. பிரசவ அறையிலுள்ள செவிலியர் கையாலேயே இது முடிந்துவிடும். குதிகால் இரத்தமானாலும் துன்பமில்லை. வடிகட்டும் தாளில் சொட்டவிட்டு உலர்த்தினால் அது தபாலில் அனுப்பத் தக்கதாகிறது. அமெரிக்க மருத்துவர் கத்ரி 1960-களின் தொடக்கத்தில் வேறொரு பிறவி நோய்க்காக வகுத்த முறை இது.

உண்மையான இடையூறு இரத்தம் எடுப்பதில் இல்லை. முடிவு திரும்பி வருவதில் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் அளவு மிகுந்திருப்பதாகக் கண்டு எழுதிய தாள், அத்தாய் எந்தக் கிராமத்தில் இருக்கிறாள் என்று அறியாமல் கோப்பில் கிடந்தால் பரிசோதனையே நடவாததற்கு ஒப்பு. இந்நாட்டில் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்கிறாள். மருத்துவமனையில் எழுதிய விலாசம் கணவன் வீட்டினுடையதாக இருக்கும். அவள் இருப்பதோ வேறு மாவட்டத்தில், சில வேளைகளில் எல்லைக்கு அப்பால் வேலூர்ப் பக்கத்தில். மாநில எல்லை இருமொழி பேசும் இம்மக்களுக்குப் பொருட்டன்று. சர்க்கார் பதிவேடுகளுக்கு அது பெரிய மதில். ஆகவே இரத்தம் எடுக்கும்போதே தாய் அடுத்த ஒரு மாதம் தங்கப்போகும் ஊரையும், அங்குள்ளவர் எவருடைய தொலைபேசி எண்ணையேனும் கேட்டு எழுதிக்கொள்வது ஆய்வுக்கருவிகளை வாங்குவதினும் முக்கியமாகும்.

இக்கட்டத்தில் உப்பைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கொண்டு குழம்புவோர் பலர். சுரப்பியே இல்லாமல் பிறந்த குழந்தைக்கு அயோடின் உப்பு பயன்படாது. அதற்கு மாத்திரையே கதி. ஆனால் சுரப்பி நன்றாக இருந்தும் மூலப்பொருளான அயோடின் கிடைக்காவிட்டால் விளைவு ஏறத்தாழ ஒன்றே. கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் சிசுவின் சுரப்பி வேலை தொடங்குவதில்லை. தாயின் தைராக்சினே அதற்கும் ஆதாரம். ஆகையால்தான் நாளொன்றுக்குப் பிறருக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதுமென்றால் கருவுற்றவளுக்கு 250 வேண்டும் என்கின்றனர். 1956-இல் இமயமலைச் சாரலிலுள்ள காங்ரா பள்ளத்தாக்கில் ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் ஆராய்ச்சியைத் தொடங்கினர். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பையும் ஒன்றுக்குச் சாதாரண உப்பையும் வழங்கினர். சில ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் எழுந்தது.

கழலை மலைநாட்டு நோய், கடலோரத்தாருக்கு அது வாராது என்னும் எண்ணம் தென்னாட்டில் ஊறிப்போயிருக்கிறது. கடல்நீரைக் காய்ச்சிய உப்பில் அயோடின் இயல்பாகவே நிறைந்திருக்கும் என்பதும் அதனோடு சேர்ந்த தவறு. கடல்நீரிலுள்ள அயோடின் மிகச் சொற்பம். உப்பு விளையும்போது அதிலும் பெரும்பகுதி போய்விடுகிறது. 2018-19-இல் நடந்த அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் குடும்பங்கள் நாடு முழுவதிலும் 76.3 சதவீதம் என்று காணப்பட்டது. கடைசி இடத்தில் நின்றது தமிழ்நாடு, 61.9 சதவீதத்துடன், அதற்கு அடுத்துக் கீழிருந்து இரண்டாவது ஆந்திரப் பிரதேசம். குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவிப்பதில் பெயர்பெற்ற தமிழ்நாடு இவ்வகையில் பின்தங்கியது வியப்பே. காரணம் கல்லுப்பு. சாம்பாருக்கும் ஊறுகாய்க்கும் கல்லுப்பே ருசி என்னும் பழக்கத்தை எவரும் குறை கூற முடியாது. சந்திரகிரியை ஒட்டிய சித்தூர்ச் சீமை மாங்காய்க்குப் பெயர்போனது. ஆவக்காய் போடும் கோடையில் உப்பு படிக்கணக்கில் வீட்டுக்கு வருகிறது. கல்லுப்பிலும் அயோடின் சேர்க்க இயலும். அவ்வாறு சேர்த்த கல்லுப்பு கடைகளில் தாராளமாகக் கிடைக்கச் செய்வதே வழி. ‘கல்லுப்பை விடுங்கள்’ என்று பிரசாரம் செய்வது காற்றோடு போகும். ஈரமும் வெயிலும் படும் சாக்கில் தெருவோரம் கிடந்தால் சேர்த்த அயோடினும் குறையும் என்பதை வியாபாரிகள் அறிதல் நன்று.

சந்திரகிரிக்கு உள்ள வாய்ப்பு எல்லா ஊர்களுக்கும் இல்லை. 1960-இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியும், நாளமில்லாச் சுரப்பிகளுக்கென்றே தனித் துறையுள்ள ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவ விஞ்ஞானக் கழகமும் பதினைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பதியில் இருக்கின்றன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமானது. சந்திரகிரி அதில் சேர்ந்தது. புதிய மாவட்டத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் இரத்தமும் ஒரே ஆய்வுக்கூடத்துக்குச் சென்று ஒரே பதிவேட்டில் ஏறும்படி செய்ய மலையைப் பெயர்க்க வேண்டியதில்லை. ஆஷா பணியாளர்கள் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீடு தேடிச் சென்று பார்க்க வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள விதி. அவர்கள் கையிலுள்ள அட்டையில் தைராய்டுப் பரிசோதனையின் முடிவுக்கென ஒரு கட்டம் சேர்த்தால் போதும். ஏழாம் நாள் செல்லும்போது அக்கட்டம் வெறுமையாக இருந்தால், பதினான்காம் நாளுக்குள் அதை நிரப்புவதற்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. சந்திரகிரியிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.